சிறிய கிறித்தவக் கல்லூரியில் பி.எட். சேரலாமா?

அன்புச் சகோதரிக்கு,

வீட்டருகே உள்ள சிறிய கிறித்தவக் கல்லூரியில் பி.எட். இடம் கிடைத்தும், தினமும் ஜெபத்தில் கலந்துகொள்ளச் சொல்வார்களோ என்று அப்பா தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் மாணவரின் சம்மதமின்றி வழிபாட்டில் பங்கேற்க வைக்கக் கூடாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவை அப்பாவிடம் காட்டுங்கள். காலைக் கூட்டத்தின் வழக்கம் என்ன என்று முதல்வரிடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.

என் கவலை வேறு. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ.யின் அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கின்றனவா என்று நீங்களே சரிபாருங்கள். விளம்பரப் பலகையை நம்ப வேண்டாம். "வகுப்புக்கு வராமலே முடிக்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பாட வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை கட்டாயம்.

இரண்டு ஆண்டுகளில் 20 வாரங்கள் பள்ளியில் கழியும். சிறிய கல்லூரியின் அருமை அங்கேதான் தெரியும். பொறுப்பான விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் வகுப்பை முழுதாகக் கவனிப்பார். கரும்பலகையில் எழுத்து சரிந்தாலும், ஒரே மாணவியிடம் மீண்டும் மீண்டும் கேள்வி கேட்டாலும் குறிப்பேட்டில் எழுதிவைப்பார். அப்படிப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்களா என்று இறுதியாண்டு மாணவிகளிடம் விசாரியுங்கள். இருந்தால் தயங்காமல் சேருங்கள்.