அரசு சில படிப்புகளுக்கு மட்டும் கல்லூரிக் கட்டணம் கட்டுவது சரியா?

"இன்ஜினியரிங், மருத்துவம், வேளாண்மை, சட்டம் என்றால் அரசு கட்டணத்தில் கை கொடுக்கிறது. பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு அதே சலுகை இல்லையே, இது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. கலைப் படிப்பை மட்டமாக நினைக்கிறார்கள் என்று இதற்குப் பலர் காரணம் சொல்வார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்ட காரணம் வேறு. சலுகை எந்தப் படிப்பில் இருக்கிறதோ, கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை அந்தப் படிப்புக்குத்தான் போகும். தனக்கு எது வரும், எது பிடிக்கும் என்று யோசிக்கவே அதற்கு இடம் கிடைக்காது.

எனக்குக் குடியாத்தம். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா இல்லை. 2018-ல் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தேன். கணக்கில் 200-க்கு 178. எங்கள் ஊர் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அரசு கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மற்ற சில்லறைக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வரலாம்.

அந்த நேரத்தில்தான் தெருவில் ஒருவர் முதல் பட்டதாரி சலுகை பற்றிச் சொன்னார். வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால், கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கட்டணத்தில் ஒரு பங்கை அரசே கட்டும். 2010-11 கல்வியாண்டில் வந்த திட்டம். நான் சேர்ந்த ஆண்டில் தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக் கட்டணம் 50,000 ரூபாய். அதில் 25,000 அரசு கட்டும். அம்மாவுக்கு அந்த 25,000 மட்டும்தான் காதில் விழுந்தது. "கவர்மெண்டே கட்றேன்னுது, வாணாம்னு சொல்வாங்களா கண்ணு?" என்றார். மீதி 25,000 எங்கிருந்து வரும் என்று நானும் கேட்கவில்லை. கிடைக்கிற ஒன்றை விட்டுவிடுகிறோமோ என்ற பயம் எங்கள் மாதிரி வீடுகளில் ரொம்பப் பெரிய பயம்.

ஜூன் முதல் வாரம் இ-சேவை மையத்துக்குப் போனோம். விண்ணப்பம் அங்கிருந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும். கூடவே குடும்பம் முழுக்கச் சேர்ந்து தர வேண்டிய உறுதிமொழிப் படிவம் ஒன்று உண்டு. இந்தச் சலுகையை எங்கள் வீட்டில் இவர் ஒருவர்தான் வாங்குகிறார் என்பது அதன் சாரம். அம்மாவுக்குப் பெயர் மட்டும்தான் எழுத வரும். பீடி இலையின் கறை ஏறி நகமெல்லாம் பழுப்பாக இருந்த விரலால் பேனாவைக் கெட்டியாகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். "இதுல இன்னா எழுதிகீது?" என்று கவுன்டரில் இருந்த பையனைக் கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் போடுறதுதான்" என்றான் அவன்.

வேலூரைத் தாண்டி ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. சேரப் போன அன்று, முழுத் தொகையையும் கட்டுங்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், லேப் கோட் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. பாதி சலுகை கிடைத்த இன்ஜினியரிங், சலுகையே இல்லாத பி.எஸ்சி.யைவிடப் பல மடங்கு செலவு வைத்தது. முதல் இரண்டு ஆண்டில் ஆறு அரியர். எப்படியோ முடித்துவிட்டேன். இப்போது ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வேலை போகிறது, குறை சொல்ல மாட்டேன்.

என் மனசு ஆறாத விஷயம் தங்கையினுடையது. சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆக வேண்டும் என்பாள். பாட்டிக்கு ஒருமுறை வேலூர் சி.எம்.சி.யில் பத்து நாள் படுக்கை. அங்கிருந்த நர்ஸ்களைப் பார்த்து வந்த ஆசை அது. 2020-ல் அவள் பிளஸ் டூ முடித்து, கலந்தாய்வில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் கிடைத்தது. சலுகை அவளுக்கு இல்லை. அம்மா பழுப்பு விரலால் எழுதித் தந்த அந்தப் படிவத்தோடு வீட்டின் பங்கு தீர்ந்துவிட்டது. விரும்பாத படிப்புக்கு நான் வாங்கினேன். விரும்பிய படிப்புக்கு அவளால் வாங்க முடியவில்லை. 4 லட்சம் வரை பிணை கேட்காத கல்விக் கடனில்தான் படித்தாள். இப்போது சென்னையில் நைட் ட்யூட்டி பார்த்துத் தவணை கட்டுகிறாள். பாதியை நான் அனுப்புகிறேன்.

சரி, நாட்டுக்கு நர்ஸ் வேண்டும், டாக்டர் வேண்டும் என்றால் அந்தப் படிப்புக்கு அரசு கூடுதலாகச் செலவு செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்யட்டும். ஆனால் படிப்பின் விலையை ஏற்றி இறக்கிப் பிள்ளைகளைத் திருப்பிவிட நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு பாடம். 2021-லிருந்து அங்கே நர்சிங், ஆசிரியர் பயிற்சி, கணிதம் போன்றவற்றுக்கு மாணவர் தரும் பங்கை ஆண்டுக்கு 3,950 டாலராகக் குறைத்தார்கள். வரலாறு, தத்துவம் போன்றவற்றை 14,500 டாலருக்கு ஏற்றினார்கள். அப்படியும் பாடம் மாற்றிக்கொண்டவர்கள் ரொம்பக் குறைவு. அரசே அமைத்த குழு 2024-ல் அந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்று எழுதியது. காரணம் எளிது. அங்கே கட்டணத்தைக் கடனாக வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போய், சம்பளம் ஓர் அளவைத் தாண்டிய பிறகு வரியோடு பிடித்துக்கொள்வார்கள். அதனால் பதினெட்டு வயதில் பிடித்த பாடத்தை எடுக்கத் தைரியம் வருகிறது. குடியாத்தத்தில் பணத்தைச் சேரும் அன்றே கவுன்டரில் வைக்க வேண்டும். அதனால்தான் அங்கே அதிகம் பேரைத் திருப்பாத கட்டண வித்தியாசம் இங்கே ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே திருப்பிவிடுகிறது.

2021-ல் வந்த ஏற்பாடு இதைவிட மேல். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசுடையது. கம்மல் அடகுக்குப் போகாது. அதுவும் தொழிற்படிப்புக்கு மட்டும்தான். பாடம் எதுவென்று பார்க்காமல் வருவது, கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய். தமிழ் படித்தாலும் உண்டு, விலங்கியல் படித்தாலும் உண்டு. எனக்குப் பிடித்த முறை இதுதான். தொகையைப் பெரிதாக்கி, வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கொடுத்தால் போதும், பாடத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

இந்த வருஷம் சேரப் போகிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் அம்மாவோ அப்பாவோ பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருந்தால், மத்திய தொழிலாளர் துறையின் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பி.ஏ., பி.எஸ்சி.க்கும் தருகிறார்கள், தொழிற்படிப்புக்குத் தருவதைவிடக் குறைவாக. எங்கள் அம்மாவின் அட்டை டிரங்குப் பெட்டியில் சும்மா கிடந்தது, நாங்கள் கேட்கவே இல்லை.

அப்புறம், வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், முதல் பட்டதாரி உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சின்னதையும் பக்கத்தில் உட்காரவைத்து, நீ என்ன படிக்கப் போகிறாய் என்று கேளுங்கள். நாங்கள் இ-சேவை மையத்துக்குப் போன அன்று தங்கை பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.