கமரா கேள்வி – பதில்: தரைமட்டத்தில் படமெடுக்க ஆங்கிள் ஃபைண்டர்

அடம்புப் பூ, மணலில் வளை தோண்டும் நண்டு, வயல் வரம்புக் காளான் என்று நிலத்தோடு ஒட்டியிருப்பவற்றைப் படமெடுப்பது பற்றித் திருகோணமலைப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, எனக்கு 62 வயது. நிக்கொன் டி7000 கமராவும் 105 மி.மீ. மக்ரோ லென்ஸும் இருக்கின்றன. கடற்கரையில் அடம்புப் பூவை அதன் மட்டத்திலேயே எடுப்பதென்றால் வயிறு மணலில் படப் படுக்கவேண்டும். முழங்காலும் கழுத்தும் இடம்தருவதில்லை. வியூபைண்டரில் செங்கோணமாக ஒன்றைப் பூட்டினால் மேலிருந்தே பார்க்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: தாராளமாக வாங்கலாம். அதன் பெயர் ஆங்கிள் ஃபைண்டர். உங்கள் கமராவின் பின்திரை மடங்காது. அப்படிப்பட்ட எஸ்.எல்.ஆர். (உள்ளே ஆடி வைத்த கமரா) வைத்திருப்பவருக்கு ஆங்கிள் ஃபைண்டர் போல உதவும் துணைக்கருவி வேறில்லை. வியூபைண்டரிலிருந்து பின்னால் வரும் காட்சியை உள்ளிருக்கும் பட்டகம் 90 பாகை திருப்பி மேலே அனுப்பும். நீங்கள் குந்தியிருந்தோ சிறு முக்காலியில் அமர்ந்தோ கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தால் போதும்.

உங்கள் கமராவின் கண்பகுதி சதுர வடிவானது. அதற்கு நிக்கொனின் டிஆர்-6 பொருந்தும். வட்டக் கண்பகுதி கொண்ட டி700, டி800 போன்றவற்றுக்கு டிஆர்-5. இதைத் திருகிப் பூட்டவேண்டும். முதலில் கமராவின் கண்பகுதித் திரையை மூடினால்தான் பழைய கண்ணாடி வளையம் கழலும். கெனன் பாவிப்பவர்களுக்கு ‘ஆங்கிள் ஃபைண்டர் சி’ இருக்கிறது. அதன் பெட்டிக்குள் இரண்டு அடாப்டர்கள் வரும். சீகல் என்ற சீனத் தயாரிப்பு பல கமராக்களுக்கான அடாப்டர்களுடன் கிடைக்கிறது. காட்சியின் தெளிவு ஓரங்களில் கொஞ்சம் குறையும், மற்றபடி வேலை செய்யும்.

பழையதை வாங்குவதானால் மூன்று விடயங்களைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சண இழை படர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுழலும் கழுத்து ‘கரகர’வென்றால் உள்ளே மணல் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். மூன்றாவது, காட்சி இடம்வலம் மாறாமல் நேராகத் தெரிகிறதா என்பது. வெறும் ஆடி வைத்த மிகப் பழைய வகைகளில் இடப்பக்கம் வலப்பக்கமாகத் தெரியும். ஊர்ந்து போகும் நண்டை அதில் பின்தொடர்வது பெரும் பாடு.

பூட்டும்போது முதலில் ரப்பர் கண்கவசத்தைக் கழற்றிவிட்டு, பக்கத் தவாளிப்பில் அடாப்டரை மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். இந்தப் பிடி உராய்வில்தான் நிற்கிறது. குனியும்போது சேட் நுனி பட்டாலே மேலே வழுகிக் கழன்றுவிடும். ஒரு மெல்லிய நூலால் கமராப் பட்டியோடு கட்டிவைப்பது அவசியம். கமராவை நெட்டுக்குத் திருப்பினால் ஃபைண்டரின் கழுத்தையும் சுழற்றி மீண்டும் மேல்நோக்க விடுங்கள், காட்சி நிமிர்ந்தே தெரியும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கீழே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அலை வருவது தெரியாது. ஈர மணல் கோட்டுக்கு மேலேயே இருங்கள்.

கேள்வி: ஆங்கிள் ஃபைண்டர் வாங்கிப் பூட்டிவிட்டேன். அதற்குள் பார்க்கும்போது எறும்பின் கண் கத்திமுனை போலத் தெரிகிறது. படத்தைக் கணினியில் திறந்தால் கண் மங்கல், பின்னால் இருக்கும் இலை நரம்பு தெளிவு. எத்தனை தரம் எடுத்தாலும் இதே கதை. கருவி பழுதா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: பெரும்பாலும் பழுதாக இராது. டயொப்டர், அதாவது வியூபைண்டர் காட்சியை உங்கள் கண்பார்வைக்கு ஏற்பச் சரிசெய்யும் அமைப்பு, சரிசெய்யப்படவில்லை என்றே நினைக்கிறோம். இந்தக் கருவியைக் குறைசொல்லி வரும் கடிதங்களில் அநேகமானவற்றுக்கும் காரணம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கமராவுக்குள் லென்ஸின் பிம்பம் ஒரு ஃபோகஸ் திரையில் விழுகிறது. நாம் பார்க்கவேண்டியது அந்தத் திரையை. இக்காலத்துத் திரைகள் வெளிச்சமாகத் தெரியவேண்டும் என்பதற்காக ஓரளவு ஒளி ஊடுருவும்படி செய்யப்பட்டவை. ஃபைண்டரின் டயொப்டர் தவறாக இருந்தால், உங்கள் கண் திரையை விட்டுவிட்டு அதற்குச் சற்று முன்னாலோ பின்னாலோ நிற்கும் பிம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெளிவு, சென்சருக்கு மங்கல். தூரக் காட்சியில் இந்தச் சிறு பிழையை ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் தூரம்) மறைத்துவிடும். மிக நெருங்கி எடுக்கும் மக்ரோவில் மறைக்க இடமில்லை. டி7000 போன்றவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சரில், பொருளின் பிம்பம் அதன் உண்மை அளவிலேயே விழும் 1:1 நிலையில், அப்பெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 8இல் ஃபோகஸ் ஆழம் ஏறத்தாழ 0.6 மி.மீ., எஃப் 11இல் 0.9 மி.மீ., எஃப் 16இல் 1.3 மி.மீ. அவ்வளவுதான். எறும்பின் தலை முழுவதும் அதற்குள் அடங்குவதே கஷ்டம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் ஃபைண்டரைக் கழற்றி, லென்ஸை வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து, ஃபோகஸை முழுக்கக் கலைத்துவிடுங்கள். சுவர் வெறும் வெண்மையாகத் தெரியவேண்டும். இப்போது திரையில் உள்ள ஃபோகஸ் புள்ளிகளும் கோடுகளும் கூர்மையாகும் வரை கமராவின் சிறு டயொப்டர் சக்கரத்தைத் திருப்புங்கள். அடுத்து ஃபைண்டரைப் பூட்டி, உருப்பெருக்கத்தை 1 மடங்கில் வைத்து, அதன் வளையத்தை நேர்க்குறிப் பக்கம் கடைசிவரை திருப்புங்கள். எல்லாம் மங்கும். அங்கிருந்து மெதுவாகத் திரும்பி வரும்போது அதே கோடுகள் முதன்முதலில் கூர்மையாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். தாண்டிப் போனாலும் தெளிவாகத்தான் தெரியும், ஏனென்றால் கண் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றும். இடையிடையே தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்துக் கண்ணை ஆறவிடுங்கள். சரியான இடத்தில் வளையத்திலும் உடலிலும் நேர்நேராக இரண்டு நெயில் பொலிஷ் புள்ளி வைத்துவிட்டால், பையில் உரசி நகர்ந்தாலும் உடனே தெரியும்.

கண்ணாடி அணிபவர் அதோடேயே பார்க்கப்போகிறாரா, கழற்றிவிட்டா என்று முதலே முடிவெடுத்து அதன்படி சரிசெய்யவேண்டும். சிதறல் பார்வைக் குறை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்கள் கண்ணாடியோடேயே பார்க்கவேண்டும். அதை டயொப்டர் திருத்தாது.

இனிச் சோதனை. ஓர் அடிமட்டத்தை மேசையில் வைத்து, 45 பாகை சாய்வாக நோக்கி, 10 செ.மீ. கோட்டுக்குக் கையால் ஃபோகஸ் செய்து, லென்ஸின் மிக அகலமான அப்பெர்ச்சரில், இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். படத்தில் 10ஆம் கோடுதான் தெளிவு என்றால் பிரச்சினை தீர்ந்தது. டயொப்டர் சரியாக இருந்தும் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக விலகினால், பின்திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் அதே கோட்டைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து எடுத்துப் பாருங்கள். அது சரியாக வந்து வியூபைண்டர் வழி மட்டும் பிழைத்தால், ஒளியை ஃபோகஸ் திரைக்குத் திருப்பும் ஆடி அல்லது அந்தத் திரை கமராவுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. திருத்துநரிடம்தான் போகவேண்டும்.

இன்னொன்று: 1 மடங்கில் சட்டகம் அமைத்து, 2 அல்லது 2.5 மடங்குக்கு மாற்றி ஃபோகஸைப் பாருங்கள். பெருக்கும்போது நடுப்பகுதி மட்டுமே தெரியும், எனவே அந்த நிலையில் சட்டகம் அமைக்கமுடியாது. மாற்றியதும் கோடுகள் மங்கினால் வளையத்தைச் சற்றுத் திருத்துங்கள். தானியங்கி ஃபோகஸ் வேண்டாம், இந்தத் தூரத்தில் அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கமராவை ஒரு துணிப்பையின்மேல் வைத்து மயிரிழை மயிரிழையாக முன்னே தள்ளுங்கள். பைக்குள் பயறு நிரப்பலாம். மணல் வேண்டாம், தையல் வழியே கசிந்து கமராவுக்குள் போகும்.

கேள்வி: காலையில் சரியாக வரும் படங்கள், மதியம் நிலாவெளிக் கரையில் மட்டும் இருண்டு போகின்றன. லென்ஸ், ஐ.எஸ்.ஓ., எல்லாம் அதேதான்.
– வாசகர், நிலாவெளி

பதில்: பளிச்சென்ற வெண்மணல் சட்டகத்தை நிரப்பினால் கமராவின் ஒளி அளக்கும் மீற்றர் படத்தை இருட்டாக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் உங்களுக்கு மதியத்தில் மட்டும் நடப்பதால் ஃபைண்டரையே சந்தேகிக்கவேண்டும். அதன் கண் இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ரிமோட்டில் எடுப்பதற்காகக் கண்ணை எடுத்ததும் உச்சி வெயில் அதன் வழியே உள்ளே இறங்கி, கண்பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் மீற்றரில் விழுகிறது. வெளிச்சம் கூட என்று நினைத்து அது குறைத்துவிடுகிறது. சட்டரை அழுத்தும்போது ஃபைண்டரின் கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். அல்லது கண் வைத்தபடியே ஒளியை அளந்து, அந்த எண்களைக் கையால் அமைக்கும் ‘எம்’ நிலையில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது திரை மடங்கும் மிரர்லெஸ் (ஆடி இல்லாத) கமரா. எனக்கும் இது வேண்டுமா?
– வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம். மடங்கும் திரையும், அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும், ஃபோகஸ் விளிம்புக்கு நிறம் காட்டும் வசதியும் உங்களிடம் இருக்கின்றன. வெயிலில் திரை தெரியாவிட்டால் கறுப்புத் துணி ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொள்ளுங்கள். எலெக்ட்ரொனிக் வியூபைண்டரை மட்டும் சூரியனை நோக்கி விட்டுவைக்காதீர்கள், உள்ளிருக்கும் சிறு திரை கருகிவிடும்.

கேள்வி: கச்சான் காற்றுக் காலத்தில் பூ ஆடிக்கொண்டே இருக்கிறது. ட்ரைபொட்டும் மணலில் மெல்ல மெல்லப் புதைகிறது. மணல் ஃபைண்டருக்குள்ளும் போகுமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: கச்சான் வெயிலேற ஏறத்தான் பலக்கும். விடியற்காலையில் போய் 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். அடம்பும் காலையில்தான் வடிவாக விரிந்து நிற்கும், பின்னேரம் சுருங்கிவிடும். காற்று வரும் பக்கம் குடையைத் தரையோடு சாய்த்துக் குத்துங்கள். ஓர் ஈர்க்கைப் பூவின் பக்கத்தில் மண்ணில் ஊன்றி, சட்டகத்துக்கு வெளியே காம்பை அதோடு உடுப்புக் கிளிப்பால் பிடித்துவிட்டால் ஆட்டம் மிகவும் குறையும்.

ட்ரைபொட்டின் மூன்று கால்களையும் மூன்று சிரட்டைகளுக்குள் வையுங்கள். சிரட்டையின் குழிவு மேலே இருக்கவேண்டும். பாரம் பரவிப் புதைவது நிற்கும். படமெடுக்கும் கணத்தில் கமராவின் ஆடி மேலெழும் அதிர்வு 1/15, 1/8 விநாடி போன்ற வேகங்களில் படத்தைக் கலைக்கும். கமராவில் ஆடியை முன்கூட்டியே உயர்த்தும் வசதி இருந்தால் ஒருமுறை அழுத்தி, இரண்டு விநாடி பொறுத்து, மறுபடி அழுத்துங்கள்.

மணல் போகும், சுழலும் கழுத்தின் இடுக்கு வழியாக. கரையில் நிற்கும்போது கழுத்தை வீணே சுழற்றவேண்டாம். மணல் பட்டதென்றால் துடைக்கவும் வேண்டாம், ரப்பர் ஊதியால் ஊதுங்கள். மணல் முழுதும் போனபின், உப்புப் படிவை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்கலாம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையான மழை மாதங்களில் ஃபைண்டரையும் லென்ஸோடு சேர்த்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். பூஞ்சணம் லென்ஸைத் தின்பதுபோலவே அந்தச் சின்னப் பட்டகத்தையும் தின்னும்.