ஹோல்டெம் தெரிந்தால் ஓமாஹாவும் ஷார்ட் டெக்கும் ஆடிவிடலாமா?

"ஹோல்டெம் நன்றாகவே ஆடுவேன். ஓமாஹா, ஷார்ட் டெக் எல்லாம் அதே போக்கர்தானே, தனியாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விதிகளைப் பத்து நிமிடத்தில் கற்றுவிடலாம். ஹோல்டெமில் "நல்ல கை" என்று மனதில் பதிந்துபோன கணக்கை மறப்பதுதான் கஷ்டம். புதிதாக வருபவரை விட ஹோல்டெம்காரர்தான் ஓமாஹாவில் வேகமாகப் பணத்தை விடுவார் என்பது என் கருத்து.

ஹோல்டெமில் கைக்கு இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு; இந்த ஏழில் எந்த ஐந்தும் உங்கள் கையாகலாம். ஓமாஹாவில் கைக்கு நான்கு சீட்டு. அதிலிருந்து சரியாக இரண்டு, மேசையில் இருக்கும் ஐந்திலிருந்து சரியாக மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மேசையில் நான்கு ஆட்டின், உங்களிடம் ஆட்டின் ஏஸ் என்று வையுங்கள். ஹோல்டெமில் எதிராளி பயப்பட வேண்டிய கை அது. ஓமாஹாவில் கையில் இன்னொரு ஆட்டின் இல்லையென்றால் உங்களுக்கு ஃபிளஷே (ஐந்தும் ஒரே இனம்) கிடையாது. நான்கு ஏஸும் கைக்கே வந்துவிட்டால்? மோசமான கை! இரண்டைத்தான் பயன்படுத்த முடியும், மேசையில் ஏஸ் விழவும் வழியில்லை.

நான்கு சீட்டில் இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு ஜோடி வரும். எதிரில் இருப்பவரிடமும் அப்படியே. அதனால் ஒரு ஜோடி ஏஸை நம்பிக் கடைசி வரை பணம் போடும் ஹோல்டெம் பழக்கம் இங்கே எடுபடாது. ஃபிளஷ் அடித்தாலும் ராணி வரைக்குமான ஃபிளஷ் ஆபத்தானது; அதற்குப் பெரிய பணம் கொடுப்பவரிடம் அநேகமாக அதைவிடப் பெரிய ஃபிளஷ் இருக்கும்.

இன்னொன்று, சேராத கைகளின் பலம். மேசையில் 9-8-2, உங்களிடம் ஜாக்கி-10-7-6. இப்போதைக்குக் கையில் ஒன்றுமே இல்லை. ஆனால் ராணி, ஜாக்கி, 10, 7, 6, 5 எது வந்தாலும் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு). மொத்தம் 20 சீட்டு. பார்க்காத 45-இல் 20. அடுத்த இரண்டு சீட்டில் ஒன்றாவது விழ ஏறத்தாழ 70 சதவீதம் வாய்ப்பு. எதிரே ஜோடி ஏஸ் மட்டும் வைத்திருப்பவர்தான் பயப்பட வேண்டும். இதனோடு, ஓமாஹா பெரும்பாலும் பாட்-லிமிட்டில் (மேசையில் சேர்ந்த பணமான பாட்டின் அளவைத் தாண்டிப் பந்தயத்தை ஏற்ற முடியாது) ஆடப்படுவதால், முதல் சுற்றிலேயே எல்லாப் பணத்தையும் தள்ளி இப்படிப்பட்ட கைகளை விரட்டிவிடவும் முடியாது.

ஷார்ட் டெக்கில் 2 முதல் 5 வரை எடுத்துவிடுவார்கள், கட்டில் 36 சீட்டு. ஒவ்வொரு இனத்திலும் ஒன்பதுதான் என்பதால் ஃபிளஷ் அரிதாகி, ஃபுல் ஹவுஸையே (மூன்று ஒரே சீட்டு, கூட ஒரு ஜோடி) ஜெயிக்கும். எது அரிதோ அது பெரிது என்பதுதான் அடிப்படை; நம்ம ஊர் மூணு சீட்டில் கலரை (மூன்றும் ஒரே இனம்) விட சீக்வென்ஸ் (வரிசையாக மூன்று) பெரிதாக இருப்பதும் அதனால்தான். மூன்று சீட்டும் கலராக அமைய 1,100 வழிக்கு மேல் உண்டு, சீக்வென்ஸுக்கு 768 மட்டும்.

இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு (8-9-10-ஜாக்கி போல, எந்த முனையில் சேர்ந்தாலும் சரி) காத்திருந்தால் ஹோல்டெமில் மேசையின் முதல் மூன்று சீட்டுக்குப் பிறகு 31.5 சதவீதம். ஷார்ட் டெக்கில் 45 சதவீதத்தைத் தாண்டும். ஃபிளஷுக்கோ 35 சதவீதம் 30 ஆகக் குறைகிறது. ஆகவே 10-9 போன்ற அடுத்தடுத்த சீட்டுகள் விலை ஏறிவிடும், "ஒரே இனம்" என்பதற்காக மட்டும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது வீண். மூன்று ஒரே சீட்டுக்கும் ஸ்ட்ரெயிட்டுக்கும் எது பெரிது என்பது இடத்துக்கு இடம் மாறும். உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பந்தய வரம்பும் ஆட்டத்தையே மாற்றும். ஃபிக்ஸ்ட் லிமிட்டில் (பந்தயத் தொகை முன்பே நிர்ணயித்தது) பாட்டில் 100 இருக்கும்போது நீங்கள் 10 தான் போட முடியும் என்றால், எதிராளி 10 கொடுத்து 110-க்கு ஆசைப்படுகிறார். பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு இருந்தாலே அவருக்குக் கட்டுப்படி ஆகும். அங்கே போய் பிளஃப் செய்து (மோசமான கையோடு மிரட்டி) யாரை மடக்க முடியும்?

இந்தியாவில் இருந்து கேட்கிறீர்கள் என்றால், 2025-இல் வந்த சட்டப்படி இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை. நண்பர்களோடு வெறும் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) வைத்து ஓமாஹாவில் தொடங்குங்கள். முதல் சில நாள் எல்லோரும் கைகளைத் திறந்து வைத்தே ஆடினால், "இரண்டும் மூன்றும்" விதி சீக்கிரம் கண்ணுக்குப் பழகிவிடும்.