பிள்ளைக்கு என்ன வைத்தீர்கள்?
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை பட்டாம்பூச்சிக் கேள்விகள் மட்டும். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். 'வீட்டுக்குள் வந்தால் நல்ல சகுனமா' என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். நான் விலங்கியல் வாத்தியார், எனக்கு அந்தப் பாடம் இல்லை.

பூச்செடிகளாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். சீனியா, இட்லிப் பூ, செண்டுமல்லி எல்லாம் பூத்துக் குலுங்குகின்றன. பட்டாம்பூச்சிகள் வருகின்றன, தேன் குடிக்கின்றன, போய்விடுகின்றன. ஒன்றுகூட முட்டையிடவில்லை. ஏன்?

பூ வைத்தது தாய்க்கு. பிள்ளைக்கு என்ன வைத்தீர்கள்?

பட்டாம்பூச்சி கிடைத்த இலையில் எல்லாம் முட்டை வைக்காது. தன் புழு எந்தச் செடியைத் தின்னுமோ அதைத் தேடிப் போய்த்தான் வைக்கும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை வகையறா. கறிவேப்பிலை அழகிக்கு அவற்றோடு கறிவேப்பிலையும். வெந்தய வரியனுக்கு எருக்கு. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி. உடம்பு சிவந்திருக்கும் சிவப்புடல் அழகிக்கு ஆடுதீண்டாப்பாளையும் அதன் உறவுக் கொடிகளும், அவை இல்லாத இடத்தில் பெண் பூச்சி முட்டையிடாது. ஆமணக்கை நம்பிப் பிழைக்கிற இனங்களும் உண்டு. கொன்றையும் ஆவாரையும் மஞ்சள், வெள்ளைப் பூச்சிகள் சிலவற்றுக்கு.

தேன் குடிக்க வந்த பூச்சியையும் முட்டையிட வந்த பூச்சியையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லலாம். முட்டைக்காரி பூவைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். இலை இலையாகத் தாவுவாள். ஒவ்வொன்றிலும் ஒரு கணம் அமர்ந்து முன்னங்கால்களால் தட்டுவாள். சுவை அறியும் உறுப்பு காலில் இருக்கிறது, இலை சரியானதுதானா என்று அப்படித்தான் சோதிக்கிறாள். திருப்தி என்றால் வயிற்று நுனியை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த தளிருக்குப் போவாள். எலுமிச்சை அழகியின் முட்டை கடுகைவிடச் சிறிய, வெளிறிய மஞ்சள் உருண்டை. இளந்தளிரில் தேடுங்கள், முற்றிய இலையில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று. நர்சரியிலிருந்து வாங்கி வந்த புதுச் செடியில் உடனே புழுவை விடாதீர்கள். சில பூச்சிமருந்துகள் வேர் வழியாகச் செடியின் சாற்றுக்குள் போய்விடும், இலையைக் கழுவினாலும் போகாது. மருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் அந்தச் செடியைச் சில மாதம் தனியே வைத்திருங்கள், புழு வந்தால் வேறு செடிக்கு மாற்றுங்கள்.

என் எலுமிச்சைச் செடியைப் புழுக்கள் மொட்டையடிக்கின்றன. வேப்பெண்ணெய் தெளிக்கலாமா? இயற்கையானதுதானே?

இயற்கையானதுதான், புழுவையும் இயற்கையாகவே கொல்லும். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் புழுவைத் தோலுரிக்க விடாமல் செய்யும் பொருள். 'பி.டி.' என்று விற்கும் பாக்டீரியா மருந்தும் புழுவைக் கொல்வதுதான். கத்தரிச் செடியின் புழுவுக்கும் பட்டாம்பூச்சியின் புழுவுக்கும் அது வித்தியாசம் பார்க்காது.

ஓரளவு வளர்ந்த செடி இலை போனால் மறுபடி துளிர்க்கும். முழங்கால் உயரக் கன்று என்றால் புழுக்களைக் கிளையோடு எடுத்து வேறு எலுமிச்சைக்கு மாற்றிவிடுங்கள். இலையில் ஓட்டையே விழக் கூடாது என்பவர் பட்டாம்பூச்சி ஆசையை விட்டுவிடுவது நல்லது. இரண்டும் ஒரே தொட்டியில் நடக்காது.

சார், கறிவேப்பிலையில் இருந்த பச்சைப் புழுவைக் குச்சியால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு வந்தது. ஒரு மாதிரி நாற்றம். விஷமா? (ஆறாம் வகுப்பு மாணவன்)

விஷம் இல்லை தம்பி. எறும்பு, சிலந்தி மாதிரி சின்ன எதிரிகளை விரட்ட அது வைத்திருக்கும் சுரப்பி. உன்னைப் பெரிய எறும்பு என்று நினைத்துவிட்டது. கை கழுவிக்கொள், அவ்வளவுதான்.

ஒன்று கவனித்தாயா? அதே புழு சின்னதாக இருந்தபோது பச்சையாக இருந்திருக்காது. பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் போலவே இருந்திருக்கும். எச்சத்தை எந்தக் குருவி தின்னும்? நாலு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது எச்சம் அளவைத் தாண்டிவிடுகிறது, வேஷம் எடுபடாது. அதனால் இலையின் பச்சைக்கு மாறிவிடுகிறது. அடுத்த தடவை இரண்டு பருவமும் ஒரே செடியில் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார். குச்சியை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

மகள் ஒரு புழுவைப் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். வளர்த்தே தீர வேண்டும் என்கிறாள். எப்படி வளர்ப்பது?

முதலில் பாட்டிலிலிருந்து எடுங்கள். வாய் அகன்ற பெட்டியோ, வலை சுற்றிய கூடையோ வேண்டும். உட்புறம் உயரம் ஒரு சாண் இருந்தால் நல்லது, காரணம் பின்னால் வருகிறது. எந்தச் செடியில் கண்டெடுத்தாளோ அதே செடியின் கிளையை ஒடித்து, சிறு குப்பியில் தண்ணீர் ஊற்றிச் செருகி வையுங்கள். குப்பியின் வாயைப் பஞ்சால் நன்றாக அடைக்க மறக்காதீர்கள். புழு காம்பு வழியே இறங்கிப் போய்த் தண்ணீரில் மூழ்கிச் சாகும், இது அடிக்கடி நடப்பது. எருக்கு என்றால் ஒடிப்பது நீங்களாக இருக்கட்டும், அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.

இலையைக் கழுவினால் ஈரம் போகத் துடைத்துவிட்டு வையுங்கள். தனியாகத் தண்ணீர் தெளிக்க வேண்டாம், இலையில் இருக்கும் நீரே புழுவுக்குப் போதும். அடியில் காகிதம் விரித்து தினமும் மாற்றுங்கள், எச்சம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஒரு பெட்டியில் பத்துப் புழுக்களை நெருக்காதீர்கள், ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வந்துவிடும்.

அப்புறம், பயப்பட வேண்டாத இரண்டு விஷயங்கள். புழு ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தால் செத்துவிடவில்லை, தோலுரிக்கத் தயாராகிறது. அப்போது பிடித்து இழுக்கக் கூடாது. இன்னொன்று கடைசிக் கட்டத்தில் வரும். அதுவரை ஓயாமல் தின்ற புழு திடீரென்று தீனியை நிறுத்திவிடும், நீர்த்த கழிச்சல் போகும், பெட்டி முழுக்க அலையும். வயிற்றுப்போக்கு என்று பதறி எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் உண்டு. அது குடலைக் காலி செய்துவிட்டுக் கூடாக மாற இடம் தேடுகிறது. இரண்டு மூன்று குச்சிகளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

எலுமிச்சை அழகி தலை மேலாக, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். வெந்தய வரியன் தலைகீழாகத் தொங்கும். எதுவாக இருந்தாலும் இறக்கை விரிய இடம் வேண்டும், உயரம் கேட்டது அதற்குத்தான். கூட்டிலிருந்து வந்தவுடன் இறக்கை ஈரத்துணி மாதிரி சுருங்கித்தான் இருக்கும். பூச்சி எதையாவது பற்றித் தொங்கிக்கொண்டு உடம்பின் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கிறது. வழுக்கும் கண்ணாடிச் சுவரில் பிடிமானம் கிடைக்காமல் கீழே விழுந்தால் சுருங்கியபடியே உலர்ந்துவிடும். அதன் பிறகு சரிசெய்ய வழி கிடையாது.

அந்த நேரத்தில் சொட்டும் செம்பழுப்பு நீர் ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. மகளிடம் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்து வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். உறிஞ்சுகுழல் அப்போது இரண்டு தனித்தனி இழைகளாக இருக்கும். பூச்சி அதைச் சுருட்டிச் சுருட்டி விரித்து ஒன்றாக இணைத்துக்கொள்ளும். எல்லோரும் இறக்கையையே பார்ப்பதால் இதைத் தவறவிடுகிறார்கள்.

இறக்கை உலரச் சில மணி நேரம் ஆகும், பிறகு வெளியே விட்டுவிடுங்கள். மகள் அழுவாள். அடுத்த முட்டையைத் தேடச் சொல்லுங்கள்.

கூட்டுப்புழு கறுத்துப்போனது. பட்டாம்பூச்சி வரப்போகிறது என்று காத்திருந்தோம். ஒரு சிறு ஓட்டை வழியாகக் குட்டிக் குட்டி ஈக்கள்தான் வந்தன. என்ன தப்பு செய்தோம்?

ஒரு தப்பும் இல்லை. நீங்கள் பார்த்தது ஈ அல்ல, பெரும்பாலும் ஒட்டுண்ணிக் குளவி. ஒரு வகைக் குளவி, புழு கூடாக மாறப்போகிறது என்று தெரிந்ததும் அதன் அருகிலேயே காத்துக் கிடக்கும். தோல் உரிந்து புதுக் கூடு இன்னும் மெத்தென்று இருக்கும்போது உள்ளே முட்டைகளைச் செலுத்திவிடும். ஒரே கூட்டிலிருந்து நூறு குளவிகள்கூட வரலாம். இன்னொரு கூட்டம் உண்டு, அவை உண்மையான ஈக்கள். அவற்றின் புழு, கூட்டைத் துளைத்து வெளியே வந்து வெள்ளை இழையில் இறங்கும். கூட்டிலிருந்து அப்படி ஓர் இழை தொங்கினால் உள்ளே பட்டாம்பூச்சி இல்லை.

நல்ல கூடும் கடைசி நாளில் கறுக்கும், ஆனால் அது வேறு கறுப்பு. தோல் கண்ணாடி போலாகி உள்ளிருக்கும் இறக்கையின் கோலம் தெளிவாகத் தெரியும். கோலம் எதுவும் தெரியாமல் ஒரே பழுப்பாக இறுகிப்போனால் நம்பிக்கை குறைவு.

குளவியை நசுக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தாய்ப்பூச்சி நூறு முட்டைக்கு மேல் வைக்கிறது. அவற்றில் இரண்டு பிழைத்து இனம் பெருக்கினாலே எண்ணிக்கை குறையாது. மிச்சம் குளவிக்கும் சிலந்திக்கும் குருவிக்கும் போக வேண்டியது. எல்லாம் பிழைத்தால் உங்கள் தெருவில் கறிவேப்பிலை என்று ஒன்று இருக்காது. உங்களிடம் இருக்கும் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் முட்டையாக இருக்கும்போதே எடுத்து வலைக்குள் வையுங்கள். வளர்ந்த புழுவைக் கொண்டுவந்தால் விருந்தாளியும் உள்ளேயே வந்திருக்கலாம்.

சின்னப் பட்டாம்பூச்சிகள் வளர்ந்து பெரிய பட்டாம்பூச்சி ஆக எத்தனை நாள் ஆகும்?

ஆகாது. இறக்கை வந்த பிறகு வளர்ச்சி கிடையாது. சின்னது சின்ன இனம், அல்லது புழுவாக இருந்தபோது அரைவயிறு தின்றது.

சேற்றில் கும்பலாக உட்கார்ந்து உறிஞ்சுகின்றன. பூவில் தேன் இருக்கும்போது ஏன் இந்தச் சேறு?

உப்புக்காக. தேனில் சர்க்கரை உண்டு, சோடியம் மிகக் குறைவு. கும்பலில் இருப்பவை பெரும்பாலும் ஆண்கள். சேர்த்த உப்பில் ஒரு பங்கு இணைசேரும்போது பெண்ணுக்குப் போய், அங்கிருந்து முட்டைக்குப் போகிறது. தோட்டத்தின் வெயில் படும் மூலையில் ஆழமில்லாத தட்டில் மண் போட்டு ஈரமாக வைத்திருங்கள். நாற்றமடிக்கும் அசிங்கத்தின்மீதும் அமரும், முகம் சுளிக்காதீர்கள்.

நான் வளர்த்து விட்ட பட்டாம்பூச்சி என்னை நினைவில் வைத்திருக்குமா?

2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தார்கள். புகையிலைச் செடியில் வாழும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசாக மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் பழக்கிய புழுக்கள் இறக்கை முளைத்து வந்த பிறகும் அந்த வாசனையைத் தவிர்த்தன. கூட்டுக்குள் உடம்பு அத்தனை மாறியும் பாடம் அழியவில்லை. இளம் பருவத்தில் பழக்கியவை மறந்துவிட்டன.

ஆக, ஷாக் கொடுத்திருந்தால் நினைவில் வைத்திருக்க வாய்ப்புண்டு. அன்பாக வளர்த்ததற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

மகன் பிறந்தநாளுக்குப் பட்டாம்பூச்சிகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடலாமா?

வேண்டாம். நெருக்கமாக வளர்த்த பூச்சிகளோடு நோயும் வெளியே போகும். பண்ணைப் பூச்சி காட்டுப் பூச்சி போல நடந்துகொள்ளும் என்றும் சொல்ல முடியாது. வலசை போவதற்குப் பேர்பெற்ற மொனார்க் இனத்தை 2019-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, விற்பனைக்காக வளர்க்கப்பட்ட வம்சத்தைச் சேர்ந்தவை தெற்குத் திசையைப் பிடிக்கவில்லை. பையனுக்கு ஓர் எலுமிச்சைக் கன்று வாங்கிக் கொடுங்கள்.

குறிப்பேடு வைக்கச் சொல்கிறீர்களே, அதில் என்னதான் எழுதுவது?

முதல் வரியில் செடியின் பெயர். அதைவிட முக்கியம் எதுவும் இல்லை. மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மானியப் பெண்மணி பதின்மூன்று வயதில் பட்டுப்புழுவில் ஆரம்பித்தவர். 1699-இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, மகளோடு கப்பலேறி தென் அமெரிக்காவின் சுரினாமுக்கே போய்ப் புழுக்களை வரைந்தார். முட்டை, புழு, கூடு, பூச்சி எல்லாவற்றையும் அவை தின்னும் செடியோடு ஒரே தாளில் போட்டது அவர் செய்த பெரிய காரியம். அதுவரை பலர் பூச்சியை மட்டும் தனியே வரைந்து வைத்தார்கள்.

செடிக்கு அடுத்து தேதி, நேரம், வெயிலா மேகமா. முட்டை கண்ட நாள், தோலுரித்த நாள், கூடான நாள். 'அழகாக இருந்தது' என்றெல்லாம் எழுதாதீர்கள். எந்த இலையில், மேற்புறமா அடிப்புறமா என்று எழுதுங்கள். பட்டாம்பூச்சி வராத நாளையும் குறியுங்கள், ஆண்டு முடிவில் அதுதான் அதிகம் சொல்லும்.

தோட்டமெல்லாம் இல்லை. பால்கனியில் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம். எதை வைப்பது?

கறிவேப்பிலை. அரை நாள் வெயில் கிடைத்தால் எந்த மாடியாக இருந்தாலும் ஒருமுறை முயன்று பாருங்கள். நுனியைக் கிள்ளிவிட்டுக்கொண்டே இருங்கள், புதுத் தளிர் வந்தால்தான் முட்டைக்காரி இறங்குவாள். அடுத்த ஆண்டு இரண்டாவது தொட்டிக்கு இடம் பிடிக்க முடிந்தால் அதிலும் கறிவேப்பிலையே வையுங்கள். கடைசிப் பருவத்துப் புழு ஒரு தொட்டியைக் காலிசெய்யும்போது மாற்றிவிட இன்னொன்று வேண்டும்.