தோல்வியும் மாற்றுவழிச் சிந்தனையும்: கேள்வி பதில்

கேள்வி: மூன்று முயற்சிகளில் தோற்றுவிட்டேன். தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்றால், நான் எந்தப் படியில் நிற்கிறேன்?

பதில்: தோல்வி தானாகப் படியாகிவிடாது. ஜேம்ஸ் டைசன் பையில்லாத தூசி உறிஞ்சிக்காக 5,127 மாதிரிகள் செய்தார் என்று வியப்பவர்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். மூன்று முறையும் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றியிருந்தால், உங்களுடையவை மூன்றும் முதல் முயற்சிகளே. நான் சோதனைக்கூடத்தில் பணியாற்றிய காலத்தில், கருவியை இயக்கும் முன்பே எதிர்பார்ப்பைக் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் தேதியிட்டு எழுதிவிடுவேன். நடந்தது வலப்பக்கத்தில் ஏறும். பேனாவால்தான் எழுத வேண்டும். பென்சில் என்றால், முடிவு தெரிந்தபின் கை தானாகவே இடப்பக்கத்தைத் திருத்தப் பார்க்கும்.

கேள்வி: படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பெரும் செல்வர்களாகியிருக்கிறார்களே, நானும் விடலாமா?

பதில்: அதைக் காரணமாகக் கொண்டு விடாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் திரும்பி வந்த விமானங்களின் குண்டுத் துளைகளை ஆராய்ந்த புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட், இயந்திரப் பகுதியில் துளைகள் குறைவாக இருப்பதற்குக் காரணம், அங்கே அடிபட்டவை திரும்பாமையே என்று கணித்தார். நீங்கள் படிப்பவை திரும்பி வந்தவர்களின் கதைகள்.

கேள்வி: தோல்வி பயத்தைப் போக்குவது எப்படி? (நால்வர் கேட்டுள்ளனர்.)

பதில்: போக்க வேண்டாம், தோற்றால் இழப்பது எவ்வளவு என்று எழுதி, அந்த அளவைக் குறையுங்கள்.

கேள்வி: ஊரோடு ஒத்து வாழாமல் புதுவழி கண்டவர் ஒருவரைச் சொல்லுங்கள்.

பதில்: டிக் ஃபாஸ்பரி. உயரம் தாண்டுதலில் அன்று நிலவிய, வயிறு கம்பியை நோக்கப் புரளும் முறை அவருக்குக் கைவரவில்லை. கால்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிக்கு மேல் வீசித் தாண்டும் பழைய கத்தரி முறைக்குத் திரும்பியவர், கொஞ்சம் கொஞ்சமாக முதுகைச் சாய்த்து, மல்லாந்து தாண்டத் தொடங்கினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். மணலிலும் மரத்தூளிலும் அப்படி விழுந்தால் கழுத்து முறியக்கூடும். அவர் பயின்ற பள்ளியில் நுரை மெத்தை இருந்தது.

கேள்வி: மறுக்கிறேன். மெத்தை விரிக்கட்டும் என்று காத்திருப்பவர் தாண்டவே மாட்டார். துணிச்சலைக் கணக்காகச் சுருக்குகிறீர்கள்.

பதில்: காத்திருக்கச் சொல்லவில்லை, விழும் இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். மெத்தை அங்கிருந்த எல்லோருக்கும் கிடைத்தது. மல்லாந்து விழுந்தவர் அவர், அந்த அளவுக்கு உங்கள் கட்சியை ஏற்கிறேன். ஆனால் புதுவழி என்பதாலேயே அது வென்றுவிடும் என்று எண்ண வேண்டாம்: 1972 ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற யூரி தார்மாக், பழைய புரளல் முறையில்தான் தாண்டினார். ஃபாஸ்பரியின் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கித் தொழிலில் குதிப்பவர்களே எனக்குக் கவலை.

கேள்வி: எடிசன் எத்தனை முறை தோற்றார்?

பதில்: அந்த எண் கதைக்குக் கதை மாறுகிறது. இனி எடிசனைப் பற்றிய கேள்விகளுக்குப் பதிலில்லை.

கேள்வி: தோற்றபின் பல வாரங்களாக உறக்கமில்லை, உணவும் இறங்கவில்லை.

பதில்: இது என் துறையன்று. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். குறிப்பேடு பிறகு இருக்கட்டும்.

கேள்வி: பயத்தைப் போக்க ஒரு வழி...

பதில்: மூன்றாவது பதிலைப் படிக்கவும்.