கடலோர மனை: எந்த அரசு வரைபடம் செல்லும்?

கேள்வி: நாகை மாவட்டக் கடலோர கிராமத்தில் எங்களுக்கு மூன்று சென்ட் மனை இருக்கிறது. வீடு கட்ட நினைக்கிறோம். கைப்பேசி வரைபடத்தில் அளந்தால் கடலிலிருந்து 210 மீட்டர் வருகிறது. ஊராட்சியில் காட்டிய சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) வரைபடத்திலோ மனை தடைப் பகுதிக்குள் இருப்பது போலத் தெரிகிறது. இணையத்தில் இன்னொரு அரசு வரைபடம் இதைக் கடலரிப்புப் பகுதி என்கிறது. எதை நம்புவது?

பதில்: மூன்றும் மூன்று வேறு விஷயங்களைச் சொல்கின்றன. கட்டட அனுமதிக்குச் செல்லுபடியாவது ஒன்றுதான்: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் கொடுத்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம்.

கைப்பேசியில் தெரியும் கரை, படம் எடுத்த நேரத்தில் தண்ணீர் நின்ற இடம். சட்டம் அங்கிருந்து அளப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் ஏறி வரும் உச்ச எல்லையை உயர் அலைக் கோடு என்று குறித்து, அதிலிருந்து அளக்கிறது. தட்டையான மணற்கரையில் அந்தக் கோடு உங்கள் மனைப் பக்கமாகப் பல மீட்டர் தள்ளி இருக்கலாம். ஆகவே 210 என்ற கணக்கை விட்டுவிடுங்கள்.

ஊராட்சியில் பார்த்தது பெரும்பாலும் அந்தத் திட்டத்தின் 1:25,000 அளவுத் தாளாக இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். உங்கள் மூன்று சென்ட் ஏறக்குறைய 11 மீட்டருக்கு 11 மீட்டர். தாளில் அரை மில்லிமீட்டர்கூட வராது. கோட்டின் தடிமனுக்குள்ளேயே மனை முழுதும் மறைந்துவிடும். அதை வைத்து உள்ளே, வெளியே என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சர்வே எண்களோடு கூடிய 1:4,000 வரைபடம்தான் வேண்டும். அது ஊராட்சியில் இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் உங்கள் புல எண்ணைப் பொருத்திக் காட்டும் வரைபடம் வாங்கலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. பட்டா நகலும் எஃப்எம்பி ஸ்கெட்ச்சும் (மனையின் அளவுகளைக் காட்டும் புலப்படம்) கையில் இருக்கட்டும்.

கடலரிப்பு வரைபடத்தின் கதை வேறு. கரை பல ஆண்டுகளாக எப்படி நகர்ந்தது என்பதைச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் கணிக்கிறது. சுனாமி, புயல் அலை அபாயத்தை ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வரைகிறது. சர்வே ஆஃப் இந்தியா வரைந்த அபாயக் கோடும் உண்டு. மத்திய அரசின் 2019 சிஆர்இசட் அறிவிக்கையின்படி அது பேரிடர் திட்டமிடலுக்கான கருவி, தடைக் கோடு அல்ல. இவற்றைக் காட்டி அனுமதியை மறுக்க முடியாது. ஆனாலும் நீங்கள் இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். கரை பின்வாங்கும் ஊரில் அஸ்திவார உயரத்தை முடிவு செய்ய இதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

தகவல் இருந்தும் மக்களுக்கு எட்டவில்லை என்பதுதான் என் வருத்தம். ஒவ்வொரு துறையும் தன் வரைபடத்தைத் தனித்தனித் தளத்தில், தனித்தனி அளவில் போடுகிறது. சர்வே எண்ணைத் தட்டினால் எல்லாம் ஒரே திரையில் வர வேண்டும்.

சரி, விதிக்கு வருவோம். ஊரகக் கடற்கரைக்கு 2011 அறிவிக்கையில் தடைப் பகுதி 200 மீட்டர். ஆனால் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களுக்கு 100 முதல் 200 மீட்டருக்குள் வீடு கட்ட, மாநில அரசின் திட்டத்துக்கு உட்பட்டு வழி இருக்கிறது. 2019 அறிவிக்கையில், 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர் என்றால் தடை 50 மீட்டர்தான். மற்ற ஊர்களுக்கு 200 மீட்டரே. இந்தத் தளர்வு அந்த அறிவிக்கைப்படி தயாரான வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே நடைமுறைக்கு வரும். எனவே தாளின் மூலையில் எந்த அறிவிக்கை, எந்தத் தேதி, வரைவா இறுதியா என்று முதலில் பாருங்கள்.

வரைவு என்றால் மாவட்ட ஆட்சியர் நடத்தும் கருத்துக் கேட்புக்குக் கட்டாயம் போங்கள். மீனவர் குடியிருப்பும் வலை உலர்த்தும் இடமும் விடுபட்டிருப்பதாகத் தமிழ்நாட்டின் வரைவுகள் மீது மீனவ அமைப்புகள் ஆட்சேபித்திருக்கின்றன. உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் புல எண்ணோடு எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.