ஒட்டிய கோப்பு ஆவணம் ஆகாது

கேள்வி: நகரம் கட்டும் கணினி விளையாட்டான 'சிம்சிட்டி 4'க்கு ரசிகர்கள் உருவாக்கிய கட்டடங்களையும் சாலைகளையும் நெடுங்காலமாகச் சேர்த்திருக்கிறேன். கணினி அடிக்கடி நின்றுவிடுகிறது. பழைய விளையாட்டுகளை விற்கும் ஒருவர், அனைத்தையும் ஒரே கோப்பாக்கி டிவிடியில் பதிந்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: கொடுக்காதீர்கள். கோப்புகளை ஒட்டும் செயலி விளையாட்டை வேகமாகத் திறக்கத்தான் உதவும். ஒட்டியபின் கோப்புகளின் பெயர்கள் மறைந்துவிடும். எது யாருடைய கட்டடம் என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு. இத்தகைய விற்பனையாளர்கள் முதலில் தூக்கி எறிவது உடன்வரும் குறிப்புக் கோப்பைத்தான். உருவாக்கியவரின் பெயரும் 'விற்கக் கூடாது' என்ற நிபந்தனையும் அதில்தானே இருக்கின்றன! இலவசமாகக் கிடைத்ததற்கு உங்களிடம் கூலி வாங்கிக்கொண்டு, உங்கள் சேகரிப்பையே அடுத்தவருக்கு விற்பார்கள்.

இறக்கிய ஜிப் கோப்புகள் இருந்தால் அவையே மூலம். பிரதி எடுத்து, அந்தப் பிரதியை மட்டும் திறந்து பாருங்கள். அட்டவணையில் கோப்பின் பெயர், உருவாக்கியவர், கிடைத்த இடம், தேதி, உடன் தேவைப்படும் கோப்புகள் ஆகியவற்றை எழுதுங்கள். கடைசித் தகவல் விடுபட்டால், கட்டடம் நிற்க வேண்டிய இடத்தில் பழுப்புப் பெட்டிதான் தெரியும்.

உருவாக்கியவர் வாரியாக அடுக்குவது நல்லதுதான், ஆனால் அட்டவணையில் மட்டும். விளையாட்டு இயங்கும் கோப்புறையில் அதைச் செய்யாதீர்கள். அங்கே கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுகின்றன. ஒரே அடையாள எண் இரண்டு கோப்புகளில் இருந்தால், பின்னால் படிக்கப்படுவதே செல்லும். திருத்தக் கோப்பு கடைசியில் வரட்டும் என்றுதான் பலர் பெயரின் தொடக்கத்தில் இசட் எழுத்தைச் சேர்க்கிறார்கள். அழகுக்காக அந்த எழுத்தை நீக்கினால் திருத்தம் முன்னதாகவே படிக்கப்பட்டுவிடும், பழைய பிழை திரும்பிவிடும். பெயரை மட்டுமல்ல, உட்கோப்புறைகளின் அமைப்பையும் தொடாதீர்கள்.

டிவிடியை நம்ப வேண்டாம். நீலகிரியின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கணினிக்கு வெளியே இணைக்கும் வன்வட்டுகள் இரண்டில் பதிந்து, ஒன்றைக் கோவையில் உறவினர் வீட்டில் வையுங்கள்.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் நூலின் பிரதி கன்னிமாரா நூலகத்துக்குச் செல்ல வேண்டும். ரசிகர்களின் இந்த உழைப்பை வாங்கி வைக்க அப்படி ஒரு வாசல் திறக்கப்படவில்லை. பதிப்புரிமையோ இந்தியாவில் பொதுவாகப் படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீள்கிறது. 2003இல் வந்த விளையாட்டுக்குப் புனைபெயரில் கட்டடம் செய்தவரை எங்கே தேடுவது? வட்டு அதுவரை தாங்குமா என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை. ஆகவே, இன்று தொடர்புகொள்ள முடிகிறவர்களுக்கு உடனே எழுதிப் பிறருக்கு வழங்க அனுமதி கேளுங்கள். வரும் பதிலை அந்தந்த ஜிப் கோப்பின் பக்கத்திலேயே சேமித்து வையுங்கள்.